மாதிரி வண்டியும் அதற்குரிய சக்கரமும்

கலாசாலைப் பொருட்காட்சிகளிலும், ஊர்த் திருவிழாக்களை ஒட்டி நடைபெறும் காட்சிகளிலும், மாணாக்கர் தம் கையாற் செய்து வைக்கும் மாதிரி வண்டிகளைக் காணுந்தோறும் நமக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. அட்டை, மூங்கிற் சிம்பு, தகரம், பிளாஸ்டிக் தகடு ஆகிய எளிய பொருள்களைக் கொண்டு இவர்கள் காட்டும் கைத்திறன் பெரிது. ஆயினும் அம்மகிழ்ச்சி நம் பார்வை வண்டியின் கீழ்ப்பாகத்துக்கு இறங்கும் வரையில்தான் நிலைக்கிறது. மேலே கூண்டு பழங்காலத்தது, நுகத்தடியும் பழங்காலத்தது, கீழே உருள்வதோ கடையில் விலைக்கு வாங்கிய ரப்பர்ச் சக்கரம். 1890 என்று எழுதிய அட்டை முன்னே நிற்க, அவ்வாண்டில் நம் நாட்டு மாட்டுவண்டி எதற்கும் இல்லாத காற்றடைத்த டயர் அதன் பின்னே நிற்கிறது. இதனைச் சிறு குறை என்று தள்ளுவோர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. வண்டிக்குச் சக்கரம் அணி அன்று. வண்டியே சக்கரத்தின் மேல் ஏறிய சுமைதான். ஆகவே சக்கரம் பொய்யானால் மாதிரி முழுதுமே பொய்யாகும் என்பது நம் கொள்கை.

கம்பம் பள்ளத்தாக்கில் மாதிரி செய்ய முற்படும் மாணாக்கர் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது பெரியாறு அணையின் வரலாறு. அது இயல்பே. ஜான் பென்னிக்குவிக் துரையின் மேற்பார்வையில் 1887-ல் தொடங்கிய அவ்வேலை 1895-ல் முடிவெய்தியது. அவ்வாண்டு அக்டோபர் 10-ஆம் நாள் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு அதனைத் திறந்து வைத்தார். மேற்கே ஓடிக் கடலிற் கலந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பி நம் வயல்களுக்கு வந்தது. கீழ்முகாமில் 2013-ஆம் ஆண்டு முதல் அவர் பெயரால் ஒரு மணிமண்டபமும் நிற்கிறது. இவையெல்லாம் நம் மாணாக்கர் அறிந்தவையே.

ஆனால் அணைக்கு வேண்டிய பண்டங்கள் எவ்வாறு வந்து சேர்ந்தன என்று கேட்டால் விடை சொல்லுவோர் குறைவு. அக்காலத்தில் தேனிக்கு ரயில் இல்லை. மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை இருப்புப்பாதை வந்தது 1928-ல்தான். ஆகவே அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கிய இயந்திரங்களும் இரும்பும் வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று 70 மைலுக்கு மேல் மாட்டுவண்டிகளில் ஊர்ந்தே மலையடிவாரத்தை அடைந்தன. அதன்பின் மலைப்பாதை. அணை வேலையில் நோயினால் இறந்தோர் 483 பேர் என்று சொல்லப்படுகிறது. வழியில் ஓய்ந்து விழுந்த எருதுகளுக்கு யார் கணக்கு வைத்தார்? அந்தப் பாரம் முழுவதையும் தாங்கியது இரும்புப் பட்டை பூட்டிய மரச் சக்கரம். கல்லிலும் குழியிலும் அது இடித்த ஒவ்வோர் இடியும் நேரே எருதின் கழுத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு ரப்பர்ச் சக்கரத்தை மாட்டிவிட்டால் அவ்விடியை நாம் துடைத்து விடுகிறோம். அவ்வண்டியோட்டிகள் பட்ட பாட்டையும் அதனுடன் துடைத்து விடுகிறோம். மெத்தென்ற சக்கரத்தைப் பார்க்கும் சிறுவன், நம் பாட்டனார் இலகுவாகவே மலையேறினார் என்று எண்ணிக் கொள்வான் அன்றோ?

காற்றடைத்த டயரின் வரலாற்றை இவ்விடத்தில் சுருக்கமாகச் சொல்வது தகும். ராபர்ட் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்தியர் 1845-லேயே அதற்கு உரிமை பெற்றார். உலகம் அதனை மறந்து போயிற்று. பெல்பாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப் 1888-ல் அதனை மறுபடியும் கண்டு, மிதிவண்டிக்குப் பொருத்தினார். பிரான்சு தேசத்து மிஷலின் சகோதரர்கள் பாரிசு நகரிலிருந்து போர்தோ சென்று மீளும் பந்தயத்தில் காற்றுச் சக்கரம் பூட்டிய மோட்டார் வண்டியை ஓட்டிக் காட்டியது 1895-ல். அப்போது வழி நெடுக அது வெடித்துக் கொண்டே போயிற்றாம். பெரியாறு அணை திறக்கப்பட்ட ஆண்டும் அதுவே என்பதை மாணாக்கர் கவனிக்க. இந்நாட்டில் டயர் செய்யும் தொழிற்சாலை வங்காளத்துச் சாகஞ்சில் டன்லப் கம்பெனியாரால் 1936-ல் ஏற்பட்டது. அதற்குப் பிறகே ‘டயர் வண்டி’ என்று நம் குடியானவர் அழைக்கும் வண்டி மெல்ல மெல்லச் சாலைகளிற் பெருகி, பழையதற்குக் ‘கட்டை வண்டி’ என்று பெயரிட வேண்டிய அவசியத்தையும் உண்டாக்கிற்று. (பின்னாளில் சென்னையில் டயர் செய்து புகழ் பெற்ற எம்.ஆர்.எப். கம்பெனி 1946-ல் தொடங்கியது சிறுவர் விளையாடும் பலூன் செய்வதற்காக. டயரும் விளையாட்டுப் பொருளும் அவ்வளவு தூரத்து உறவு அல்ல!)

நிற்க. கட்டை வண்டிச் சக்கரத்தின் அமைப்பை அறியாமல் அதன் மாதிரியைச் செய்தல் இயலாது. நடுவே நிற்பது குடம். அதில் தைத்த கால்கள் ஆரங்கள். ஆரங்களின் மறுமுனையைக் கவ்வி வட்டமாகச் சூழ்வன வட்டைகள். பெரும்பாலும் ஒரு வட்டைக்கு இரண்டு ஆரம் என்பது தச்சர் கணக்கு. ஆரம் 12 ஆயின் வட்டை 6, ஆரம் 14 ஆயின் வட்டை 7. பதினோரு ஆரம் வைத்த மாதிரி ஒன்றைக் கண்ட முதிய தச்சர் எவரும் அதன் மேல் இரண்டாம் முறை கண்ணோட்டம் செலுத்தார். மரவேலை முடிந்தபின் கொல்லன் வேலை. வட்டைகளின் சுற்றளவைக் காட்டிலும் சற்றே குறுகலாக வளைத்த இரும்புப் பட்டையை வறட்டி நெருப்பில் இட்டுச் சிவக்கக் காய்ச்சுவார்கள். காய்ந்த இரும்பு விரியும். விரிந்த பட்டையைக் குறடுகளாற் பற்றிச் சக்கரத்தின் மேல் இறக்கி, சம்மட்டியால் தட்டி, உடனே நீர் வார்ப்பார்கள். புகையும் ஆவியும் எழ, இரும்பு சுருங்கி, ஆரங்களைக் குடத்துக்குள்ளும் வட்டைகளை ஒன்றோடொன்றும் நெருக்கிப் பிடித்துக் கொள்ளும். பசையுமின்றித் திருகாணியுமின்றி அச்சக்கரம் பல்லாண்டு நிற்பது இவ்வொரு பிடியினால்தான். வெப்பத்தால் பொருள் விரியும் என்பதைப் பௌதிக வகுப்பில் பித்தளைக் குண்டும் வளையமும் கொண்டு காட்டுகிறோம். அதனையே நம் ஊர்க் கொல்லன் தெருவிற் காட்டினான்.

சக்கரத்தை அச்சில் மாட்டி வெளியே கழன்று விடாதபடி கடையாணி செருகுவார்கள். குடத்தின் உள்ளே வண்டி மை இடுவார்கள். அம்மையை வைத்த மூங்கிற் குழாய் வண்டியின் அடியிற் தொங்கும். இவற்றையும் மாதிரியிற் காட்டலாம், காட்டினால் அழகு. வர்ணம் தீட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மாணாக்கர் இரும்புப் பட்டை முழுவதற்கும் கறுப்பு வர்ணம் பூசி விடுகின்றனர். உழைக்கும் வண்டியின் பட்டை அப்படியிராது. தரையிற் படும் முகம் தேய்ந்து வெள்ளி போல் மின்னும். பக்கங்கள் துரு ஏறிச் செம்மை பெறும். குடத்தைச் சுற்றி மை கசிந்து கரிய வளையம் இட்டிருக்கும். ஓடாத வண்டிக்கே சக்கரம் முழுதும் ஒரே நிறமாக இருக்கும்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் மாதிரி செய்வதாக வைத்துக் கொள்வோம். ஐந்தடி உயரமுள்ள கட்டைச் சக்கரம் ஐந்து அங்குலமாகும். டயர்ச் சக்கரமோ இரண்டரை அடி முதல் மூன்றடி வரையிலேயே இருக்கும். அது மாதிரியில் இரண்டரை அங்குலம். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் இரண்டரையை வைத்தால் அச்சு ஒன்றேகால் அங்குலம் கீழே இறங்கும். அதனுடன் வண்டித் தட்டும் இறங்கும். நுகத்தடி மட்டும் எருதின் கழுத்து மட்டத்திலேயே நின்றாக வேண்டும். ஆகவே நடுச்சட்டம் வானத்தை நோக்கிச் சாய்ந்து, வண்டி பின்புறமாகப் பாரம் சரிவது போலத் தோன்றும். பார்ப்பவருக்குக் காரணம் புலப்படாவிடினும், ஏதோ பிசகு என்று மனம் சொல்லும். ஒரு சக்கரத்தைத் தவறாக வைத்தால் தவறு சக்கரத்தோடு நிற்பதில்லை.

இக்கருத்து நமக்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்த அமெரிக்காவில் இதனை ஒரு சாத்திரம் போலவே அநுசரிக்கும் ஒரு கூட்டத்தார் உளர். அவர்கள் செய்வது ஹாட் ராட் எனப்படும் மோட்டார் வண்டிகளின் மாதிரிகள். தெற்குக் கலிபோர்னியாவில் 1930-க்கும் 1950-க்கும் இடைப்பட்ட காலத்து இளைஞர் பழைய போர்டு வண்டிகளை அற்ப விலைக்கு வாங்கி, வேண்டாத தகடுகளைக் கழற்றி எறிந்து, எஞ்சினை வலுப்படுத்தி, வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்தனர். அவ்வண்டிகளே ஹாட் ராட். அவற்றை 25-ல் ஒரு பங்காகக் குறைத்துப் பிளாஸ்டிக்கில் செய்வோர் முதலிற் கேட்டுக் கொள்ளும் கேள்வி, ‘இது எந்த ஆண்டு வண்டி?’ என்பது. இரண்டாவது கேள்வி, ‘அந்த ஆண்டில் என்ன சக்கரம் கிடைத்தது?’ என்பது.

அவ்விரண்டாம் கேள்விக்கு விடை துல்லியமாகவே உண்டு. போர்டு கம்பெனியார் 1928, 1929-ஆம் ஆண்டுகளில் வைத்தது 21 அங்குலக் கம்பிச் சக்கரம், 1930, 1931-ல் 19, 1932-ல் 18, அடுத்த இரண்டாண்டுகளில் 17, 1935-ல் 16. மறு ஆண்டு கம்பிகளே மறைந்து அழுத்திச் செய்த எஃகுச் சக்கரம் வந்தது. மரத்தின் வெட்டுவாயில் வளையம் எண்ணி வயதறிவது போலச் சக்கரத்தைப் பார்த்து ஆண்டு கூறலாம். டயரும் அவ்வாறே. அக்காலத்து டயர் ஒடுங்கி உயர்ந்தது. பக்கச் சுவரில் அகன்ற வெண்பட்டை உடையதும் உண்டு. அவ்வெண்பட்டை 1962-ஐ ஒட்டி மெலிந்து கோடாயிற்று. ரேடியல் என்னும் டயருக்கு மிஷலின் கம்பெனியார் உரிமை பெற்றது 1946-ல். அது அமெரிக்க வண்டிகளிற் பரவியது 1970-களில். ஆதலின் 1948-ஆம் ஆண்டு வண்டி என்று பெயரிட்டு, 1963-ல் வெளிவந்த ‘டார்க் திரஸ்ட்’ என்னும் ஐங்கால் சக்கரத்தையும் தட்டையான அகன்ற டயரையும் பூட்டினால், அக்கூட்டத்தார் தலையசைத்து அப்பாற் சென்று விடுவர்.

இதில் நாம் கற்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. ஹாட் ராட் என்பதே பல ஆண்டுகளின் உறுப்புகளைக் கலந்து கட்டிய வண்டி. 1932-ஆம் ஆண்டு உடலுக்கு 1940-ஆம் ஆண்டுச் சக்கரம் பூட்டுவது அவர்களுக்குக் குற்றமன்று. வண்டி எந்த ஆண்டில் நின்றதாகக் காட்டுகிறோமோ, அவ்வாண்டுக்குப் பிற்பட்ட உறுப்பு ஒன்றும் அதில் இருத்தலாகாது என்பதே விதி. பழையது புதியதில் இருக்கலாம். பின்வந்தது முன்னதில் இருக்க வழியில்லை. இவ்விதியை நம் மாட்டுவண்டிக்கும் அப்படியே கொள்ளலாம். பாட்டன் காலத்து வண்டித் தட்டின் கீழே பழைய மோட்டார் காரின் அச்சையும் டயரையும் வாங்கிப் பொருத்தி ஓட்டிய குடியானவர் எத்தனையோ பேர். அவ்வண்டியை 1965 என்று எழுதி வையுங்கள். அது சத்தியமான மாதிரி. 1890 என்று எழுதாதீர்கள்.

மோட்டார் வண்டிகளை மாதிரி செய்யும் மாணாக்கருக்கும் இதில் பங்குண்டு. இப்பள்ளத்தாக்கிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக் குமுளிக்கும் போடி மெட்டுக்கும் ஏறும் ஜீப்பு நம் கண்ணுக்கு எருதைப் போலவே பழகியது. உலக யுத்தத்தின்போது 1941-ல் பிறந்த வில்லீஸ் ஜீப்பின் டயர் 6 அங்குல அகலமும் 16 அங்குல வளையமும் உடையது; முன் ஓடினாலும் பின் ஓடினாலும் ஒன்றே போலப் பிடிக்கும் தடித்த குறுக்குக் கட்டைகள் அதன் முகத்தில் உண்டு. 16 அங்குல வளையம் என்றதும் 1935-ஆம் ஆண்டுப் போர்டு நினைவுக்கு வரும். கலிபோர்னியாவில் அவர்கள் தேடும் அளவும், கம்பத்தில் நாம் தேட வேண்டிய அளவும் ஒன்றாக இருப்பது வியப்பே. முழு உயரம் ஏறக்குறைய 28 அங்குலம். 25-ல் ஒரு பங்காக்கினால் 28 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ஓர் அளவுகோல் போதும். பஸ் மாதிரிகளைச் செய்யும் இளைஞர் இந்நாளில் மிகப் பலர். அவர்கள் எழுத்தையும் வர்ணத்தையும் அச்சொட்டாகப் பார்த்து எழுதுவதை நாம் மெச்சுகிறோம். அக்கவனத்திற் கால் பங்கு சக்கரத்துக்குக் கிடைக்குமாயின் நன்று. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடையாமல் கரிவாயு அடுப்பைப் பின்னே கட்டி ஓடிய பஸ்ஸைச் செய்துவிட்டு, அதற்கு இன்றைய அகன்ற ரேடியல் டயர் பூட்டுவானேன்?

‘இது விளையாட்டுப் பொருள், இதற்கு இத்தனை ஆராய்ச்சியா?’ என்பார்க்கு நம் விடை இது. நுங்குக் கூந்தலில் குச்சி செருகி உருட்டும் சிறுவனிடம் நாம் ஆண்டு கேட்கப் போவதில்லை; அவன் வண்டி எதன் மாதிரியும் அன்று, அதுவே ஒரு வண்டி. மாதிரி என்று பெயரிட்டு, ஆண்டு எழுதி, பிறர் பார்க்க வைத்த கணமே பொருள் சாட்சியாகி விடுகிறது. சிந்துவெளியில் மொகஞ்சதாரோவிலும் ஹரப்பாவிலும் கிடைத்த சுடுமண் பொம்மை வண்டிகளை நினைத்துப் பாருங்கள். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் அவ்வூர்களில் ஓடிய மர வண்டிகள் மக்கி மண்ணாயின. அவை எப்படியிருந்தன என்று நாம் இன்று பேசுவதெல்லாம் பெரும்பாலும் அப்பொம்மைகளைக் கொண்டே. அவற்றின் ஆரமில்லாத திண் சக்கரங்களைப் பார்த்து அறிஞர் முடிவு கூறுகின்றனர். அந்தக் குயவன் தன் தெருவில் ஓடிய சக்கரத்தைச் செய்யாமல், கண்ணுக்கு அழகாக வேறொன்றைச் செய்து வைத்திருந்தால் நம் கதி என்ன?

‘பன்னிரண்டு ஆரம் இழைத்துச் சக்கரம் செய்ய நேரமெங்கே? ரப்பர்ச் சக்கரம் கடையில் கிடைக்கிறதே’ என்பது அடுத்த ஆட்சேபம். இதில் நியாயம் இல்லாமலில்லை. வண்டி முழுவதற்கும் ஆகும் நேரத்தைக் காட்டிலும் இரண்டு சக்கரத்துக்கு ஆகும் நேரம் அதிகம். ஆயின் கூண்டையும் கொடியையும் விட்டுவிட்டுச் சக்கரம் ஒன்றை மட்டுமே செய்து வைக்கும் மாணாக்கனுக்கு, நம் கையில் அதிகாரம் இருந்தால், முதற் பரிசு நாம் அளிப்போம். குளிர்பானக் குச்சியைக் கொண்டும் ஆரம் சீவலாம். தகர டப்பாவின் விளிம்பை வெட்டியும் பட்டை போடலாம். காசு வேண்டியதில்லை.

வேண்டியது வேறொன்று. வண்டிச் சக்கரம் செய்யத் தெரிந்த தச்சரும் பட்டை பூட்டத் தெரிந்த கொல்லரும் நம் ஊர்களில் அருகி வருகின்றனர். உழவுக்கு டிராக்டரும் பாரத்துக்கு லாரியும் வந்தபின் அவர்கள் மக்கள் வேறு தொழிலுக்குச் சென்றது குற்றமன்று. ஆனால் ஆரத்துக்கு எவ்வளவு சாய்வு கொடுக்க வேண்டும், பட்டையை எவ்வளவு குறுக்கி வளைத்தால் மரம் பிளக்காமல் பிடிக்கும் என்னும் கணக்குகள் அவர்களுடைய கையிலும் கண்ணிலும் இருந்தனவே யன்றி ஏட்டில் எழுதி வைத்தார் இலர். சக்கரங்களோ தொழுவத்தின் மூலையிலும் வேலியோரத்திலும் சாய்ந்து கரையான் ஏறிக் கிடக்கின்றன. அழகுப் பொருளாக விடுதி வாசல்களுக்கு விலை போனவையும் உண்டு. எருதுப் பந்தயங்கள் இப்பள்ளத்தாக்கில் இன்றும் நடக்கின்றன. பூஞ்சிட்டு, தட்டான்சிட்டு, கரிச்சான் என்று பந்தய மாடுகளை வகுத்துச் சொல்லும் இளைஞர் நம் வகுப்புகளிலேயே உளர். ஆயினும் பந்தய வண்டி இலகுவான தனிச் சாதி. பாரவண்டியின் இலக்கணத்தை அதனிடம் கற்க முடியாது.

ஆகவே மாணாக்கர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஓர் அளவு நாடாவைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். வீட்டில் பெரியப்பாவோ தாத்தாவோ வண்டியோட்டியவராயின் அவரிடமே தொடங்கலாம். சாய்ந்து கிடக்கும் சக்கரத்தின் உயரம், குடத்தின் நீளம், ஆரங்களின் தொகை, வட்டையின் கனம், பட்டையின் அகலம் ஆகிய ஐந்தையும் குறித்துக் கொள்க. தச்சர் வீடு ஊரில் இருந்தால் எந்த மரம் எதற்கு என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லாலேயே எழுதுக. அச்சொற்களிற் சில அகராதியிற் கிடையா. அடுத்த பொருட்காட்சியில் ஒவ்வொரு மாதிரி வண்டியின் அருகிலும் ஓர் அட்டை இருக்கட்டும்: வண்டி நின்ற ஆண்டு, குறைத்த அளவு, எந்த ஊரில் எந்தத் தொழுவத்துச் சக்கரத்தைப் பார்த்து அளந்தது என்னும் மூன்றும் அதில் இருந்தாற் போதும்.